ஜாக் மோனோ

விஞ்ஞானிகளின் சரித்திரங்களைப் படிக்கப் புகுவோர் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடம், புத்தகம், பரிசு என்னும் மூன்றையன்றி வேறொன்றும் காணாது சலிப்புறுதல் உண்டு. அத்தகையார் பிரான்சு தேசத்து ஜாக் மோனோவின் சரித்திரத்தை எடுப்பாராயின் ஏமாற்றமடையார். கிருமிகள் சர்க்கரை உண்ணும் முறையை அளந்து அளந்து குறித்தவர் அவர். பகைவர் கைப்பட்ட தலைநகரில் பெயர் மாற்றி மறைந்து திரிந்து போரிட்டவரும் அவரே. பாடகர் குழுவை நடத்தினார்; ஊனமுற்ற காலோடு மலைப்பாறைகளில் ஏறினார். இவற்றுள் ஒன்றே ஒருவரது வாழ்நாளுக்குப் போதும். எனினும் இன்று அவர் பெயர் நிலைத்திருப்பது ஒரு வினாவினாலேயாம். உயிரணுவினுள் எப்பொருள், எப்பொழுது, எவ்வளவு உண்டாகவேண்டுமென்று ஆணையிடுவது யாது? இவ்வினாவுக்குத் தெளிவான விடையை முதன்முதற் கண்டோருள் மோனோ ஒருவர். இந்நாளில் மருத்துவ உலகிற் பெரிதும் பேசப்படுகின்ற, மரபணுக்களை அடக்கியாளும் ஆர்.என்.ஏ. என்னும் பொருளைப்பற்றிய ஆராய்ச்சியின் வேரைத் தேடிச் செல்வோர், பாரிசு மாநகரில் அவர் உழைத்த மேல்மாடிக் கூடத்துக்கே சென்று சேர்வர்.

மோனோ 1910ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 9ஆம் நாள் பாரிசிற் பிறந்தார். தந்தையார் லூசியன் மோனோ ஓர் ஓவியர். மோனோ குடும்பம் பிரான்சு நாட்டுப் புராட்டஸ்டண்டு குடும்பங்களுள் பெயர்பெற்றது. அதில் தோன்றிய போதகரும் கல்விமான்களும் பலர். அத்தகைய குடியில் ஒருவர் தூரிகையைக் கையிலெடுத்தது சற்றுப் புதுமையே. தாயார் அமெரிக்க நாட்டு மில்வாக்கி நகரத்தினர். ஆதலால் மகனுக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் இரண்டும் தாய்மொழிபோல் வாய்த்தன. இளம்பருவத்தில் இளம்பிள்ளைவாதம் கண்டு ஒரு கால் மெலிந்துபோயிற்று. வாழ்நாள் முழுதும் சிறிது சாய்ந்தே நடந்தார். 1917இல் குடும்பம் தென்கடற்கரையிலுள்ள கான் நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் டார்வினுடைய நூல்களை ஆர்வத்தோடு படிப்பவராதலின், உயிர்நூலில் மைந்தருக்குப் பற்றுண்டானது வீட்டிலேயாம். இசைப்பற்றும் அவ்வீட்டிலேயே உண்டாயிற்று. செல்லோ என்னும் நரம்புக்கருவியை நன்கு வாசிக்கக் கற்றார்.

1928இல் பாரிசு சர்வகலாசாலையிற் சேர்ந்து 1931இற் பட்டம் பெற்றார். அங்கே கற்பிக்கப்பட்ட உயிர்நூல் காலத்துக்கு இருபது ஆண்டு பிற்பட்டது என்பதைப் பின்னரே அறிந்தார். வகுப்பறை கொடாததைப் பிரிட்டனி கடற்கரையில் ரோஸ்கோப் என்னுமிடத்திலிருந்த கடலுயிர் ஆராய்ச்சி நிலையம் கொடுத்தது. அங்கே தம்மினும் சிறிது மூத்த நால்வரின் நட்பை அடைந்தார். அளவையறிவை ஜார்ஜ் தெசியேயும், நுண்ணுயிர் நூலை ஆந்த்ரே லுவோப்பும், மரபு நூலை போரிஸ் எப்ருசியும், உயிரினங்களை இரசாயனக் கண்கொண்டு நோக்கும் முறையை லூயி ராப்கினும் உணர்த்தினர். ஆசிரியரிடம் பெறுவதினும் மிகுதியாக மாணாக்கர் ஒருவரிடமிருந்து ஒருவர் பெறுவதுண்டு என்பது எந்நாட்டுக் கல்லூரியிலும் காணக்கூடியதே.

1934இல் ஷார்க்கோ என்னும் மாலுமியின் கப்பலில் கிரீன்லாந்துக்குச் சென்று திரும்பினார். 1936இலும் அக்கப்பலிற் செல்ல எண்ணியிருந்தார். அச்சமயத்தில் எப்ருசி அவரைத் தம்முடன் கலிபோர்னியாவுக்கு வருமாறு வற்புறுத்த, மனம் மாறி அமெரிக்கா சென்றார். அவ்வாண்டு செப்டம்பர்த் திங்கள் 16ஆம் நாள் அக்கப்பல் ஐஸ்லாந்துக் கடலிற் புயலில் அகப்பட்டுப் பாறையில் மோதி உடைந்தது. கப்பலிலிருந்தோருள் ஒருவரே பிழைத்தார். பிற்காலத்தில் தற்செயல் என்பதைப்பற்றி ஒரு நூலே எழுதியவருக்கு இந்நிகழ்ச்சி நினைவினின்று நீங்கியிராது.

கலிபோர்னியாவில் மார்கன் என்னும் பேரறிஞரின் ஆராய்ச்சிக்கூடத்தில் மரபு நூலைக் கற்பதற்காகச் சென்றவர், பெரும்பொழுதை வாத்தியக் குழுவையும் பாடகர் குழுவையும் நடத்துவதிலேயே கழித்தார். அழைத்துச்சென்ற எப்ருசிக்கு இது மகிழ்ச்சி தந்திராது. பாரிசுக்குத் திரும்பிய பின்பும், பாக் என்னும் இசைப்புலவரின் பாடல்களைப் பாடுதற்கென ஒரு குழுவை நடத்திவந்தார். இசையா விஞ்ஞானமா என்னும் ஐயம் முப்பது வயது நெருங்கும் வரையில் அவரை விட்டு நீங்கவில்லை. 1938இல் ஒடெத் புரூல் என்னும் பெண்மணியை மணந்தார். அவ்வம்மையார் ஆசியக் கலைப்பொருள்களைத் தாங்கிய கீமே அருங்காட்சிச்சாலையைச் சார்ந்தவர், திபெத்து நேபாள நாட்டுக் கலைகளில் வல்லவர், யூத மரபினர். இரட்டையராக இரு புதல்வர் பிறந்தனர்.

இனி அவர் ஆராய்ச்சிக்கு வருவோம். சோர்பான் கல்விச்சாலையின் விலங்குநூற் பகுதியில் ஓர் எளிய மூலையில் அமர்ந்து, கிருமிகள் எவ்வளவு சர்க்கரைக்கு எவ்வளவு பெருகுகின்றன என்று அளந்துகொண்டிருந்தார். ஒருவகைச் சர்க்கரையை மட்டும் கொடுத்தால் கிருமிகள் சீராகப் பெருகின. இருவகைச் சர்க்கரையைக் கலந்து கொடுத்தபோதோ ஒரு விந்தை தோன்றிற்று. முதலில் பெருகின, பின்பு சிறிது நேரம் ஒன்றும் செய்யாது நின்றன, அதன்பின் மீண்டும் பெருகின. விருந்தில் ஒரு பண்டத்தை உண்டு முடித்து, அடுத்த பண்டத்துக்குக் கைகழுவிக் காத்திருப்பாரைப்போல இருந்தது அச்செயல். இருமுறை வளர்தல் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் மோனோ அதற்குப் பெயரிட்டார். காரணம் விளங்கவில்லை. லுவோப்பிடம் சென்று கேட்டார். இரண்டாம் சர்க்கரையைச் செரிக்கும் நொதி முன்னர் இல்லாமலிருந்து தேவை நேர்ந்தபின் புதிதாக உண்டாகின்றது போலும் என்று லுவோப் கருத்துரைத்தார். 1941இல் அவ்வாராய்ச்சியே அவருக்கு டாக்டர் பட்டத்தைத் தந்தது. சோர்பான் பெரியோர் அதனை ஒரு பொருட்டாக மதித்திலர். எஞ்சிய வாழ்நாள் முழுமைக்கும் வேண்டிய வினா அந்தச் சிறு இடைநிறுத்தத்திலேயே அடங்கியிருந்தது.

ஆனால் அப்பொழுது பாரிசு ஜெர்மானியர் வசத்திலிருந்தது. யூத மரபினரைப் பிடித்துச் சென்ற காலம் அது. மோனோ மனைவியையும் மக்களையும் நகருக்குப் புறம்பே இருத்திவிட்டு, எதிர்ப்பியக்கத்திற் சேர்ந்தார். அவ்வியக்கத்துள் ஆயுதந்தாங்கிப் போரிட்ட பகுதி பொதுவுடைமைக் கட்சியினரின் தலைமையிலிருந்தது. அதில் இடம்பெறுதற்பொருட்டுக் கட்சியிலும் சேர்ந்தார். மாலிவேர் என்பது அவர் தரித்துக்கொண்ட பெயர்களுள் ஒன்று. ஆராய்ச்சிக்கூடத்துக்கு வெளியே நின்ற ஒட்டைச்சிவிங்கியின் கால் எலும்புகளுக்குள் இரகசியத் தாள்களை ஒளித்துவைத்தார் என்பர். வேடிக்கையாகத் தோன்றினும், அத்தாள்கள் பகைவர் கையிற் சிக்கியிருப்பின் பலருடைய உயிர் போயிருக்கும். உடனுழைத்தோர் ஒருவர்பின் ஒருவராகப் பிடிபட்டனர். ஜெர்மானியக் காவலர் தம்மையும் தேடுவதை அறிந்து சோர்பானை விட்டு நீங்கினார். லுவோப் அவருக்குப் பாஸ்டர் நிலையத்தின் மேல்மாடியில் ஓர் இடம் தந்தார். அங்கே பகலிற் கிருமிகளும், மற்றைப் பொழுதில் ஆகாயவழி வந்திறங்கும் ஆயுதங்களும், தகர்க்கவேண்டிய இருப்புப்பாதைகளும் அவருடைய சிந்தையில் இருந்தன. 1944இல் உள்நாட்டுப் படைகளின் தலைமை நிலையத்தில் போர் நடவடிக்கைப் பகுதிக்குத் தலைவரானார். ஆகஸ்டுத் திங்களில் பாரிசு மக்கள் எழுந்தபோது அவ்வெழுச்சியை நடத்தினோருள் அவரும் ஒருவர்.

நகர் விடுதலை பெற்றபின் பிரெஞ்சுப் படையில் அதிகாரியாகப் பணிபுரிந்தார். அக்காலத்தில் அமெரிக்கப் படையினரின் நடமாடும் நூல்நிலையமொன்று எதிர்ப்பட்டது. போரினால் ஆண்டுக்கணக்காக வெளிநாட்டு இதழ்களைக் காணாதிருந்தவர் ஆவலோடு புரட்டினார். கிருமிகளிலும் மரபு மாற்றங்கள் தாமே நேர்கின்றன என்று லூரியாவும் டெல்புரூக்கும் காட்டிய கட்டுரையும், மரபைத் தாங்கும் பொருள் டி.என்.ஏ.வே என்று ஏவெரி முதலியோர் 1944இல் காட்டிய கட்டுரையும் அவர் கண்ணிற் பட்டன. கிருமிகளுக்கும் மரபணுக்கள் உண்டாயின், நொதி தோன்றுவதும் மறைவதும் அம்மரபணுக்களின் ஆணையாகத்தானே இருத்தல் வேண்டும்! 1945இல் சீருடையைக் களைந்து, பாஸ்டர் நிலையத்தில் நிலையாகச் சேர்ந்தார். அவ்வாண்டிலேயே பொதுவுடைமைக் கட்சியையும் விட்டார்.

கட்சியை விட்டாரெனினும் கட்சி அவரை விடவில்லை. 1948இல் சோவியத்து தேசத்தில் லைசென்கோ என்பவர் அரசாங்கத்தின் துணைகொண்டு மரபு நூலையே பொய்யென்று சாதித்து, அதனைக் கற்பித்தோரைப் பதவியினின்று நீக்குவித்தார். பிரான்சிலிருந்த அறிஞர் பலர் கட்சிப்பற்றினால் வாய்மூடியிருந்தனர். மோனோ செப்டம்பர்த் திங்களில் கொம்பா என்னும் நாளிதழில் அதனை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். போர்க்காலத்துத் தோழர் சிலர் பகைவராயினர். நாவலாசிரியர் அல்பேர் காமு நண்பரானார். இதன்பின் நொதி ஆராய்ச்சி அவருக்கு வெறும் ஆராய்ச்சியாக இருக்கவில்லை. ஏனெனில் சூழ்நிலைக்கேற்பக் கிருமி தன்னை மாற்றிக்கொள்ளும் இச்செயலே லைசென்கோ கட்சியாருக்குச் சான்றாகத் தோன்றக்கூடியது. அதுவும் மரபணுக்களின் ஆட்சிக்குட்பட்டதே என்று ஐயமற நிறுவுதல் தம் கடனென்று கொண்டார். 1953இல், உடனாராய்ந்தோருடன் கூடி, தகவமைத்தல் என்னும் பழைய பெயரையும் நீக்கித் தூண்டுதல் என்னும் பெயரைப் புகுத்தினார்.

பாஸ்டர் நிலையத்து மேல்மாடி கோடையில் வெம்மையும் குளிர்காலத்திற் குளிரும் மிக்க ஒரு நெடிய இடைவழி. ஒரு கோடியில் மோனோ. மறுகோடியில் லுவோப்பும் அவரிடம் பயின்ற பிரான்சுவா ஜாக்கோப்பும். ஜாக்கோப் மருத்துவ மாணாக்கராயிருந்து, போரிற் குண்டுச்சிதறல் பட்டு, அறுவைத்தொழில் செய்ய இயலாதவராய், முப்பதாம் வயதில் ஆராய்ச்சிக்கு வந்தவர். மோனோ பிடிவாதமும் தருக்க வன்மையும் உடையவர். ஜாக்கோப் திடீரெனத் தோன்றும் எண்ணங்களை நம்புபவர். இவ்விருவரும் அமெரிக்காவிலிருந்து வந்த ஆர்தர் பார்டீயும் 1957 முதல் செய்த சோதனைக்கு, மூவர் பெயரின் முதலெழுத்துக்களைக் கூட்டிப் பைஜாமா என்று வேடிக்கைப் பெயர் வழங்கலாயிற்று. நம் நாட்டு உடையின் பெயர் இவ்வாறு விஞ்ஞான நூலிலும் ஏறிவிட்டது.

அச்சோதனையின் சாரம் இது. பாற்சர்க்கரையைப் பிளக்கும் நொதியை ஆக்குவது ஒரு மரபணு. பாற்சர்க்கரை இல்லாதபோது அந்நொதி உண்டாகாமற் காப்பது வேறொரு மரபணு. பின்னது கெட்டுப்போன கிருமி, பாற்சர்க்கரை இருப்பினும் இல்லாவிடினும் ஓயாது நொதியை ஆக்கிக்கொண்டேயிருக்கும். கிருமிகளுள் ஆண் போன்றது பெண் போன்றதற்குத் தன் மரபிழையைச் செலுத்தும் இயல்புடையது. இரண்டும் கெட்ட பெண் கிருமிக்குள், இரண்டும் செம்மையாக உள்ள ஆண் கிருமியின் இழை புகும்படி செய்தனர். பாற்சர்க்கரை ஒரு துளியும் இல்லை. புகுந்த சில நிமிடங்களிலேயே நொதி உண்டாகத் தொடங்கிற்று. ஆனால் ஓரிரு மணி நேரத்துக்குள் உண்டாவது நின்றுவிட்டது. ஆகவே இரண்டாம் மரபணு ஏதோ ஒரு தடைப்பொருளை ஆக்குகின்றது. அது சிறிது சிறிதாகத் திரண்டு, நொதியின் மரபணுவை அடைத்துவிடுகின்றது என்பது தெளிவாயிற்று.

இம்முடிவு மோனோவுக்கு எளிதில் உவப்பாகவில்லை. பாற்சர்க்கரை நொதியைத் தூண்டுகின்றது என்றே அவர் பல்லாண்டு எண்ணியிருந்தார். உண்மையில் அது தூண்டவில்லை, தடைப்பொருளைத் தடுக்கின்றது. இப்படி இருக்கக்கூடுமென்று முன்னரே கூறியவர்களுள் லியோ சீலார்டு என்னும் பௌதிக அறிஞர் ஒருவர். தமிழிலக்கணம் பயில்வார்க்கு இது வியப்பன்று. வாராமல் இரான் என்றால் வருவான் என்பதே பொருள். இரண்டு எதிர்மறை கூடி ஓர் உடன்பாட்டைத் தரும் இம்முறையைக் கிருமிகள் நமக்கு முன்னரே கையாண்டிருக்கின்றன!

நொதி சில நிமிடங்களிலேயே உண்டாகத் தொடங்கியதிலிருந்து இன்னொரு வினாவும் பிறந்தது. மரபணு டி.என்.ஏ.வில் எழுதப்பட்டிருக்கின்றது. புரதமோ வேறிடத்தில் உண்டாகின்றது. செய்தியைக் கொண்டுசெல்வது யாது? விரைவில் உண்டாகி விரைவில் அழியும் ஆர்.என்.ஏ. ஒன்றே அத்தூதாக இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் 1960இல் ஜாக்கோப், பிரென்னர், கிரிக் ஆகியோர் கேம்பிரிட்ஜில் உரையாடியபோது உறுதிப்பட்டது. அவ்வாண்டுக் கோடையில் பிரென்னரும் ஜாக்கோப்பும் மெசெல்சனும் கலிபோர்னியாவில் அதற்குச் சான்று கண்டனர். 1961இல் மோனோவும் ஜாக்கோப்பும் தம் கொள்கை முழுவதையும் ஒரு நீண்ட கட்டுரையாக வெளியிட்டனர். தூது ஆர்.என்.ஏ. என்னும் பெயரும், ஒரே ஆணைக்குட்பட்டு ஒருங்கே இயங்கும் மரபணுத் தொகுதிக்கு ஓப்பெரான் என்னும் பெயரும் அன்று முதல் நிலைபெற்றன.

அக்கட்டுரையில் ஒரு கருத்து உண்டு. அதனை இங்கே விரித்துரைத்தல் தகும். தடைப்பொருள் எதனாலாயது? ஆர்.என்.ஏ.வாக இருக்கலாமென்று அவ்விருவரும் கருதினர். புரதம் உண்டாகாதபடி தடுக்கும் மருந்துகளைச் சேர்த்தபோதும் தடை ஏற்படுவதாகத் தோன்றியது ஒரு காரணம். ஆர்.என்.ஏ.யின் எழுத்துக்கள் டி.என்.ஏ.யின் எழுத்துக்களோடு சோடி சேரும் இயல்புடையனவாதலின், தான் அடைக்கவேண்டிய இடத்தை அது தவறாது கண்டுகொள்ளும் என்பது மற்றொன்று. எண்ணம் அழகியது, ஆனால் அத்தடைப்பொருளைப் பொறுத்தவரையில் பொய்யாயிற்று. 1966இல் கில்பர்ட்டும் முல்லர்-ஹில்லும் அதனைப் பிரித்தெடுத்தபோது அது புரதமாகவே இருந்தது. அடுத்த ஆண்டில் வேறொரு தடைப்பொருளும் அவ்வாறே புரதமென்று அறியப்பட்டது. அதன்பின் ஆணையிடுவன புரதங்கள், ஆர்.என்.ஏ. வெறுந் தூது என்னும் கொள்கையே உயிர்நூலார் பெரும்பாலோரிடை நெடுங்காலம் நிலவிற்று.

கைவிடப்பட்ட எண்ணம் மறைந்தொழிந்ததோவெனின், இல்லை. 1984இல் இனோயே என்பவரின் ஆராய்ச்சிக்கூடத்தார், மோனோ வளர்த்த அதே இனக் கிருமியிலேயே, ஒரு மரபணுவின் தூதோடு சோடி சேர்ந்து அதனை அடக்கும் சிறிய ஆர்.என்.ஏ. ஒன்றைக் கண்டனர். 1993இல் விக்டர் ஆம்புரோசும் கேரி ருவ்குனும், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு புழுவில், 22 எழுத்துக்களே கொண்ட ஆர்.என்.ஏ. ஒன்று ஒரு புரதம் உண்டாவதை அடக்கிப் புழுவின் வளர்ச்சியை ஒழுங்குபடுத்துவதைக் காட்டினர். அது அப்புழுவுக்கே உரிய விந்தையென்று பலர் கருதியிருந்தனர். 2000இல் ருவ்குன் கண்ட மற்றொரு சிற்றார்.என்.ஏ. மனிதன் ஈறாகப் பல உயிர்களிலும் இருப்பது வெளிப்பட்டபின் எல்லோரும் விழித்துக்கொண்டனர். இத்தகைய சிற்றார்.என்.ஏ.க்கள் மனித உடலில் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஆம்புரோசும் ருவ்குனும் 2024ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்றனர்.

இவ்வொழுங்கு பிறழின் நோய் உண்டாகும். முதியோரைப் பீடிக்கும் ஒருவகை வெள்ளணுப் புற்றுநோயில், பதின்மூன்றாம் குரோமோசோமின் ஒரு துண்டு இழக்கப்படுவதை மருத்துவர் அறிந்திருந்தனர். அத்துண்டில் குற்றவாளியான மரபணு எதுவென்று ஆண்டுகள் பல தேடியும் கிட்டவில்லை. 2002இல் கேலின், குரோசே முதலியோர், அவ்விடத்திலிருந்தவை புரதத்தை ஆக்கும் மரபணுக்களல்ல, இரண்டு சிற்றார்.என்.ஏ.க்களே என்று காட்டினர். சாகவேண்டிய அணுவைச் சாகாமற் காக்கும் ஒரு புரதத்தை அடக்குவது அவற்றின் தொழில். அவை நீங்கவே அப்புரதம் மிகுகின்றது; அணுக்கள் இறவாது பெருகுகின்றன. மஞ்சட்காமாலையை விளைக்கும் சி வகைக் கல்லீரல் வைரசோ, கல்லீரலிலுள்ள ஒரு சிற்றார்.என்.ஏ.வைத் தன் பெருக்கத்துக்கே துணையாகப் பயன்படுத்திக்கொள்கின்றது என்பது 2005இல் தெரிந்தது.

நோய்க்குக் காரணமானது மருந்தும் ஆகலாமன்றோ? 1998இல் ஃபயரும் மெல்லோவும், இரட்டை இழையாயுள்ள ஆர்.என்.ஏ.வைப் புழுவிற் செலுத்தினால் அதற்கேற்ற தூது அழிக்கப்படுகின்றது என்று கண்டு, 2006இல் நோபெல் பரிசு பெற்றனர். பெரியபுராணம் பயின்றோர் படியோலை, மூலவோலை என்னும் சொற்களை மறவார். டி.என்.ஏ. மூலவோலை, தூது ஆர்.என்.ஏ. படியோலை. மூலவோலையைத் தொடாது படியோலையை மட்டும் கிழிப்பதே இம்மருத்துவம். டிரான்ஸ்தைரெட்டின் என்னும் புரதம் பழுதுபட்டு நரம்பிலும் இதயத்திலும் படிந்து, கைகால்களை உணர்வறச் செய்து உயிரையும் வாங்கும் பரம்பரை நோய் ஒன்றுண்டு. அப்புரதம் பெரும்பாலும் கல்லீரலில் உண்டாவது. பாட்டிசிரான் என்னும் மருந்து கொழுப்புத் துகள்களில் அடைக்கப்பட்டுக் கல்லீரலை அடைந்து, அங்கே அப்புரதத்தின் படியோலையைக் கிழிக்கின்றது. 225 நோயாளிகளிடம் பதினெட்டுத் திங்கள் சோதித்ததில், மருந்து பெற்றோருட் பாதிக்கு மேற்பட்டோருக்கு நரம்பின் நிலை தேறிற்று. பெறாதோரிற் பெரும்பாலார்க்கு நோய் முற்றிற்று. 2018இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அதனை ஏற்றன. இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் இன்க்ளிசிரான் 2020இல் ஐரோப்பாவில் இசைவு பெற்றது; தொடக்கத் தவணைகளுக்குப்பின் ஆறு திங்களுக்கொருமுறை ஊசியாற் செலுத்தினால், தீய கொழுப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகின்றது. திருவெண்ணெய்நல்லூரில் மூலவோலை எஞ்சியிருந்தமையால் வழக்கு முடியவில்லை. இங்கும் மூலவோலை எஞ்சியிருத்தலின் மருந்தை நிறுத்தலாகாது. வாணாள் முழுதும் வேண்டுமென்றால் வறியோர் என் செய்வர் என்னும் வினாவும் உடனே எழுகின்றது.

எல்லாம் வெற்றியுமன்று. புற்றுநோயை அடக்கவல்ல சிற்றார்.என்.ஏ. ஒன்றைப் போலச் செய்து நோயாளிகளுக்குக் கொடுத்த ஒரு சோதனை, உடலின் காப்புப்படை வெகுண்டெழுந்து சிலர் இறக்கவே, 2016இல் நிறுத்தப்பட்டது. கல்லீரலைத் தவிர மற்றை உறுப்புக்களுக்கு இப்பொருளைக் கொண்டுசேர்ப்பது இன்னும் கடினமாகவே இருக்கின்றது. மோனோவின் தூதுக்கோ வேறொரு புகழ் வாய்த்தது. 2020இல் பரவிய கொள்ளைநோயின் காலத்தில் கோடிக்கணக்கானோர் கையில் ஏறிய தடுப்பூசிகளுட் சில, 1961இல் அவரும் ஜாக்கோப்பும் பெயரிட்ட தூது ஆர்.என்.ஏ.வாலேயே செய்யப்பட்டவை.

இது நிற்க. மோனோவின் கதையை விட்ட இடத்திற் தொடர்வோம். ஹங்கேரியில் 1956ஆம் ஆண்டுக் கிளர்ச்சி நசுக்கப்பட்டபின், ஆக்னஸ் உல்மன் என்னும் இளம் இரசாயன ஆராய்ச்சியாளர் அந்நாட்டில் அச்சத்துடன் வாழ்ந்துவந்தார். அவரையும் அவர் கணவரையும் வண்டியில் ஒளித்து எல்லை கடத்தும் ஏற்பாட்டை, 1960இல், தம் புகழ் உச்சியிலிருந்த ஆராய்ச்சியின் நடுவே, மோனோ முன்னின்று செய்தார். போர்க்காலத்திற் பயின்ற வித்தை மறக்கவில்லை போலும். உல்மன் பின்னர்ப் பாஸ்டர் நிலையத்திலேயே நெடுங்காலம் ஆராய்ச்சி செய்தார். தூது ஆர்.என்.ஏ.வைக் கண்டதினும் இச்செயல் சிறிதென்று நான் நினைக்கவில்லை.

1965இல் மோனோ, ஜாக்கோப், லுவோப் மூவருக்கும் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. 1935க்குப் பின் பிரான்சிற் பணிபுரிந்த விஞ்ஞானி எவருக்கும் அப்பரிசு வந்ததில்லை. அவ்வாண்டிலேயே வைமன், ஷான்ஷோ என்பவர்களுடன் கூடி, புரதங்கள் தம் உருவை மாற்றித் தம் தொழிலைக் கூட்டியும் குறைத்தும் கொள்ளும் முறையை விளக்கினார். அதனை அவர் மற்றெல்லாவற்றினும் மேலாக மதித்தார் என்பர். 1967இல் கொலேஜ் தெ பிரான்சில் பேராசிரியரானார். 1968ஆம் ஆண்டு மே திங்களில் மாணாக்கர் தெருவில் தடைகட்டி நின்றபோது, ஐம்பத்தெட்டு வயதான அப்பேராசிரியர் காவலருக்கும் அவர்களுக்கும் இடையே சென்று, காயமுற்றோருக்கு உதவிசெய்தார்.

1970இல் தற்செயலும் அவசியமும் என்னும் நூலை வெளியிட்டார். உயிர் தோன்றியதும் மனிதன் தோன்றியதும் தற்செயலே, உலகில் நோக்கமென்பது இல்லை என்பது அதன் துணிபு. விஞ்ஞான நூலாயினும் கதைப்புத்தகம்போல் விலைபோயிற்று. போதகர் பலரைத் தந்த குடியிற் பிறந்தவர் இவ்வாறு எழுதியது பலருக்கு வருத்தம். எம்மனோர்க்கும் அத்துணிபு உடன்பாடன்று. கிருமிகளிடம் அவர் கண்டது சோதனையால் நிறுவப்பட்டது. உலகின் நோக்கத்தைப்பற்றிச் சொன்னது அச்சோதனைகளின் எல்லைக்கு அப்பாற்பட்டது. எனினும் வாசிப்போரை அஞ்சாது தம் கருத்தை முழுதும் திறந்து வைத்தார் என்பதை மறுப்பாரும் மறுக்கமாட்டார்.

1971இல் பாஸ்டர் நிலையத்தின் தலைமை அவரை வந்தடைந்தது. புகழ்பெற்ற அந்நிலையம் அப்பொழுது கடனில் மூழ்கும் தறுவாயிலிருந்தது. ஆராய்ச்சிக்கூடத்தைத் துறந்து கணக்கேடுகளோடு மல்லாடினார். தடுப்பூசி செய்யும் பகுதியைத் தனி வாணிக நிறுவனமாகப் பிரித்தார், செலவுகளைச் சுருக்கினார். பலருக்கு அவர்மேல் மனக்கசப்பு. 1972இல் மனைவியார் இறந்தார். சில ஆண்டுகளில் அவரையும் இரத்தம் குன்றும் கொடுநோய் பற்றிற்று. இரத்தம் பெற்றுக்கொண்டே அலுவல்களைப் பார்த்துவந்தார். 1976ஆம் ஆண்டு மே திங்களில், இளமையிற் பாறையேறித் திரிந்த கான் நகருக்குச் சென்றார். அங்கே அத்திங்கள் 31ஆம் நாள், அறுபத்தாறாம் வயதில் உயிர்நீத்தார். அந்நகரத்துக் கல்லறைத் தோட்டத்திலேயே அவர் உடல் அடக்கஞ் செய்யப்பட்டது.